பொட்டு வைக்க ஓர் இடம்

1

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பன்னிரண்டரை ஆண்டு நிறைந்தது. தஞ்சாவூர்க்காரர் யார் கேட்டாலும் ‘அது என்ன அரை?’ என்றுதான் கேட்பார். நானும் அப்படித்தான் கேட்டேன். நெதர்லாந்தில் பத்தாம் ஆண்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பதினைந்தையும் விட்டுவிடுவார்கள். பன்னிரண்டரை மட்டும் இருபத்தைந்தில் சரிபாதி என்பதால், அதற்குச் செம்பு விழா என்று பெயர் வைத்துக் கொண்டாடுவார்கள். மேலாளர் கைகுலுக்கி ஒரு பூங்கொத்து தருவார். கேக் வாங்கி வந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்க வேண்டியது விழா நாயகி. நம் ஊரில் இப்படி ஒரு பாராட்டு விழா நடத்தினால் யாரும் மேடையேற மாட்டார்கள்.

விழா நாளை நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு வைத்துக்கொண்டேன். செர்ரிப் பழம் பரப்பிய பெரிய பலகாரம் ஒன்றை இந்த ஊர்க்காரர்களுக்காக வாங்கினேன். இங்கே அதை ஃப்ளாய் என்பார்கள். கூடவே சூரினாம் நாட்டிலிருந்து வந்து குடியேறிய இந்திய வம்சாவளியினரின் கடைக்குப் போய்ப் பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்கி, கலந்து, ஒரு பெரிய பாத்திரத்தில் எடுத்துப்போனேன். என் மகள் ரூத் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, “அது நம்ம பண்டிகையே இல்லையே அம்மா” என்று டச்சு மொழியில் சொன்னாள். சரிதான். நாங்கள் நாலு தலைமுறையாக லுத்தரன் சபை. ஆனாலும் பொரிகடலை கொண்டுபோக எனக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் பெயர் பியூலா. இங்கே என்னை ‘பேவ்லா’ என்று கூப்பிடுகிறார்கள். முதல் சில வருஷம் திருத்தினேன். பிறகு அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். தஞ்சாவூர் கீழவாசலில் அப்பா மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளில் நாட்டைத் திறந்துவிட்டபோது புதுசு புதுசாக நீர்மூழ்கி மோட்டார்கள் வந்தன. டெல்டா முழுக்க போர்வெல் போட்டார்கள். மின்சாரம் ஏறி இறங்கி அந்த மோட்டார்கள் எரிந்தன, எல்லாம் எங்கள் கடைக்கு வந்தன. அந்த எரிந்த மோட்டார்கள்தான் என்னைப் பொறியியல் படிக்க வைத்தன. எனக்கு அதைச் சொல்வதில் எப்போதும் பெருமை.

கல்யாணமாகி, கணவரின் கம்ப்யூட்டர் வேலையோடு ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் ஆர்ன்ஹெம் ஊருக்கு வந்து சேர்ந்தேன். டச்சு மொழி படித்து, சின்னச் சின்ன வேலைகள் பார்த்து, கடைசியில் இந்த அலுவலகத்தில் அமர்ந்தேன். புதிதாகக் கண்டுபிடித்த தொழில்நுட்பம் ஒன்று எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்த்து எண் போடுவது என் வேலை. ஊரில் என் அத்தையிடம் இதை விளக்கியபோது, “மாங்காயை அமுக்கிப் பார்க்கிற மாதிரியா?” என்றார். ஏறக்குறைய அதேதான். மொத்தம் ஒன்பது படி. யோசனை தாளில் இருந்தால் முதல் படி. ஆய்வுக்கூடத்தில் ஓடினால் நான்கு. வெளியே வயலிலோ தெருவிலோ அதைச் செய்தவர்கள் பக்கத்தில் நின்று ஓட்டினால் ஆறு. அவர்கள் விலகி நின்றும் ஓடினால் ஏழு. யாரும் நினைத்துக்கூடப் பார்க்காமல் தினமும் ஓடினால் ஒன்பது.

ஒரே கம்பெனி தனியாகச் செய்த பொருளுக்கு எண் போடுவது சுலபம். நாலு பேர் கூடிச் செய்த பொருள்தான் பாடு. ஆராய்ச்சியாளர் எட்டு என்பார், தயாரிப்பவர் ஆறு என்பார், பயன்படுத்துகிறவர் ‘நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு கொடுங்க’ என்பார். கூட்டுக் குடும்பத்துப் பிள்ளை மாதிரிதான் அதுவும். சிரிக்கும்போது எல்லாரும் தூக்குவார்கள். காய்ச்சல் வந்தால் ‘உன் பிள்ளை’ என்று ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குத் தள்ளுவார்கள்.

3

மூன்று வருஷத்துக்கு முன் என் மேசைக்கு வந்த ஒரு கோப்பில் பாபநாசம் என்று இருந்தது. எந்தப் பாபநாசம் என்று வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்தது இல்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் பஸ் ஏறினால் வரும் நம் பாபநாசமேதான். பார்த்த மாத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒவ்வாமையா என்று கேட்டு மூக்கு துடைக்கத் தாள் நீட்டினார்.

இங்கே எந்த மதிப்பீட்டுக்கு முன்பும் ஒரு படிவம் உண்டு. இந்தத் திட்டத்தோடு உங்களுக்குச் சொந்தத் தொடர்பு ஏதாவது உண்டா என்று கேட்கும். அங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் பிறந்தவள் என்று உண்மையை எழுதிக் கொடுத்தேன். என் மேலாளர் ஹென்க் அதைப் படித்துவிட்டு, அப்படிப் பார்த்தால் கடல் மட்டத்துக்குக் கீழே பிறந்த எந்த டச்சுக்காரனும் கரை கட்டும் தொழில்நுட்பத்தை மதிப்பிட முடியாது என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார், எந்த எண்ணையும் இரண்டு முறை கூட்டிப் பார்ப்பார்.

கருவி எளிமையானது. வயலில் நட்ட ஓர் ஆள் உயரக் கம்பம். உச்சியில் உள்ளங்கை அகலத்தில் சோலார் தகடு. நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து கீழே பார்க்கும் கண் ஒன்று வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பும். ஊரில் அதற்குத் தண்ணிக் கம்பம் என்று பெயர். கண்ணைச் செய்தது இங்குள்ள ஒரு சின்ன நிறுவனம். கம்பத்தையும் பெட்டியையும் செய்தது பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. எங்கே நடுவது, எப்போது அனுப்புவது, யார் போனுக்கு அனுப்புவது என்றெல்லாம் சொன்னவர்கள் அங்கே ஓடும் ஒரு வாய்க்காலின் பாசன சங்கத்து விவசாயிகள். பாதிக் கம்பங்கள் பாபநாசம் பக்கத்திலும் பாதி கூத்தாநல்லூர் பக்கத்திலும் நின்றன.

பட்டறையை நடத்துபவர் செல்வராணி. முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் தாய் தகப்பன் இரு வழியும் அடுத்தவர் வயலில் நடவு நட்டுக் கூலி வாங்கியவர்கள். இப்போது அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதுவும் அதே வாய்க்காலின் கடைமடையில். தண்ணீர் தலைமடையில் நிறைந்து, நடுவில் நிறைந்து, மனசு வந்தால் கடைமடைக்கு வரும். ராணி எலக்ட்ரானிக்ஸ் படித்து, சென்னையில் வேலை பார்த்து, திரும்பி வந்து இரண்டு தோழிகளோடு பட்டறை போட்டவர். தண்ணிக் கம்பம் நட்ட முதல் சம்பாவில், மேல் வயல்களில் போதுமான தண்ணீர் நிற்பது எல்லார் போனிலும் தெரிந்ததால், யாரும் கேட்காமலே மடை திறந்து கீழே விட்டார்கள். அவர் அப்பா வயலுக்குச் சண்டையில்லாமல் தண்ணீர் வந்தது அந்த வருஷம்தான்.

இந்தக் கருவிக்கு ஏழு கிடைத்தால் நிதி தருகிறவர்கள் அடுத்த கட்டத்துக்குப் பணம் ஒதுக்குவார்கள். மற்ற வாய்க்கால்களுக்கும் கம்பம் போகும். கிடைக்காவிட்டால் எல்லாக் கம்பத்தையும் பிடுங்கித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். எண் போட வேண்டியவள் நான்.

4

முதல் வருஷத்துக் கணக்கைத் திரையில் விரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு கோடு. பேட்டரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று காட்டும். செப்டம்பர் வரை எல்லாக் கோடும் நேராகப் போனது. அக்டோபரில் ஒரு நாள், பாபநாசம் பக்கத்துக் கோடுகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. வானம் வெளுத்திருந்த நாட்கள் அவை. வெயில் அடிக்க அடிக்கக் கம்பங்கள் ஒவ்வொன்றாக மௌனமாயின. அப்புறம் மழை பிடித்தது. மழை பிடித்ததும் உயிர் வந்து எழுந்து உட்கார்ந்தன.

ஹென்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சூரிய ஒளியில் ஓடும் கருவி வெயிலில் செத்து மழையில் பிழைப்பதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஜனவரியில் இன்னொரு சரிவு. அந்த முறை மழையும் இல்லை. ராணி நேரில் போய்ச் சரிசெய்யும் வரை எழுந்திருக்கவில்லை. அவர் அனுப்பிய குறிப்பில் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. கூத்தாநல்லூர்க் கம்பங்களுக்கோ ஒன்றுமே ஆகவில்லை.

கண்ணைச் செய்த நிறுவனத்தார் அறுவடைத் தூசி என்றார்கள். அக்டோபரில் ஏது அறுவடை என்று நான் கேட்டேன். வெப்பம் என்றார்கள். மே மாதத்தில் தாங்கியது அக்டோபரில் ஏன் தாங்கவில்லை? இரண்டு ஊருக்கும் மண் வேறு என்று ஒருவர் நீளமாக எழுதி அனுப்பினார். கரிச்சான் குருவிகள் உட்கார்ந்து எச்சமிடுவதாக இன்னொருவர். கரிச்சானுக்குக் கூத்தாநல்லூரில் என்ன பகை என்று எனக்குப் புரியவில்லை. ராணியிடம் வீடியோவில் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தான் போய்ப் பார்த்தபோதெல்லாம் கம்பம் நன்றாகத்தான் இருந்தது என்றார். மேடம், மேடம் என்று மரியாதையாகப் பேசினார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. எண் போட இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

5

காரணம் எனக்குக் கிடைத்தது அலுவலகத்தில் இல்லை, பஸ்ஸில். வீட்டுக்குப் போகும் வழியில் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கடையை இப்போது நடத்துவது என் தம்பி டேவிட். ஆயுத பூஜை தோறும் கடைப் படம் ஒன்று அனுப்புவான். கம்பிரஸர், கிரைண்டர், பிரித்துப் போட்ட மோட்டார்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மோட்டாரின் காற்றுத் துவாரங்கள் மேல் மட்டும் செய்தித்தாள் ஒட்டியிருக்கும்.

அந்தச் செய்தித்தாள் அப்பா செய்த ஏற்பாடு. ஒரு வருஷம் குழைத்த சந்தனம் துவாரத்துக்குள் போய் ஒரு மோட்டார் புகைந்தது. மறு வருஷத்திலிருந்து அப்பா பூஜைக்கு முன்பே எல்லா ஓட்டையையும் காகிதத்தால் மூடிவிடுவார். பிறகு கடைச் சாவியை வேலையாட்களிடம் கொடுத்துவிட்டு எதிர்ச் சாரியில் போய் நிற்பார். கற்பூரம் அணைந்ததும் கடைக்கு வந்து, முதல் பிடி பொரி அவர்தான் வாங்கிக்கொள்வார். சபையில் ஒரு பெரியவர் இதைப் பற்றிக் கேட்டபோது, “மிஷின் என்னுதுங்க. அதுல கிடக்கிற உழைப்பு அவங்களுது” என்று மட்டும் சொன்னார்.

தம்பி அந்த வருஷம் அனுப்பிய படத்தின் தேதியைப் பார்த்தேன். கோடுகள் சரிந்த அதே நாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஜனவரிச் சரிவு பொங்கல். கூத்தாநல்லூர்க் கம்பங்கள் நின்ற வயல்களில் முக்கால்வாசி முஸ்லிம் குடும்பங்களுடையவை. அங்கே யாரும் சந்தனம் வைக்கவில்லை. மழை வந்ததும் பிழைத்தது ஏன் என்றும் விளங்கியது. சோலார் தகட்டை மூடியிருந்த சந்தனத்தை மழை கழுவிவிட்டது. நடு ரோட்டில் நின்று நான் சிரித்த சிரிப்பில் சைக்கிளில் போன ஒரு கிழவர் பிரேக் பிடித்து, உதவி வேண்டுமா என்று கேட்டார்.

விடிந்ததும் ராணியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“பேனல் மேல சந்தனம் இருந்துச்சு மேடம். பொங்கலுக்கு அப்புறம் போனப்ப என் கையாலதான் துடைச்சேன். துடைச்சுட்டு வேற என்ன கோளாறுன்னு பெட்டியைத் திறந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

பொட்டு இல்லாத மிஷினை அவர் பார்த்ததே இல்லை. ஆகவே பொட்டு அவர் கண்ணில் படவே இல்லை. தன் பட்டறையில் புதுக் கம்பங்களுக்கு அதே அக்டோபரில் அவரே வைத்திருக்கிறார், அதுவும் தகட்டின் நடுவில், வட்டமாக. சொல்லிவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

6

ஹென்க்கிடம் விஷயத்தைச் சொன்னேன். மகிழ்ந்துபோனார். அவர் பார்வையில் சிக்கல் தீர்ந்தது. கருவியில் குறை இல்லை, பயன்படுத்தியவர்கள் தவறு. பயனர் தவறு நடந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்று எங்கள் விதியிலேயே இடம் உண்டு. நீக்கினால் கோடுகள் நேராகிவிடும், ஏழு கிடைத்துவிடும். கம்பத்தில் ‘தொடாதீர்கள்’ என்று தமிழில் ஒரு வரி ஒட்டச் சொல்லிவிடலாம். வாய்க்காலுக்கு நிதி, பட்டறைக்கு வேலை, கடைமடைக்குத் தண்ணீர், எல்லாம் ‘தவறு’ என்ற அந்த ஒரு சொல்லில் இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. நல்ல செய்தி சொல்லலாம் என்றுதான் ராணியை மறுபடி கூப்பிட்டேன்.

அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு முதல் தடவையாக என்னை அக்கா என்றார்.

“அதைத் தப்புன்னு எழுதாதீங்கக்கா. ஆறுன்னே போடுங்க.”

ஆறு என்றால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். கம்பத்தைப் பிடுங்கணும். ஆனா ஏழுன்னு போட்டு, அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி படுத்துச்சுன்னா, ஊர்ல யாரும் போனைப் பார்க்க மாட்டாங்க. பழையபடி மேலேயே மடையை அடைச்சிடுவாங்க. எங்கப்பா வயலுக்கு அதுக்கப்புறம் தண்ணி வரவே வராது.” அவரே தொடர்ந்தார். “கரண்டுக் கம்பத்துக்கு யாராவது பொட்டு வைப்பாங்களாக்கா? சொந்த ஏருக்கு வைப்பாங்க, சொந்த டிராக்டருக்கு வைப்பாங்க. நம்ம கம்பத்துக்கும் வச்சிருக்காங்க. அது அவங்க சாமானா ஆயிடுச்சு. அதைப் போயித் தொடாதீங்கன்னு எழுதி ஒட்டச் சொல்றீங்களே.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அப்போதே பத்து வருஷத்துக்கு மேலாக எண் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கருவி ஒரு ஊரில் வேர் பிடித்துவிட்டதா, இல்லை சும்மா வந்து நிற்கிறதா என்று கண்டுபிடிக்க எத்தனையோ கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு வாய்க்கால் முழுக்கச் சந்தனத்தில் பதில் எழுதி வைத்திருந்தது. நாங்கள் அதை அழுக்கு என்று நினைத்தோம்.

7

ஹென்க்கிடம் போய், நாட்களை நீக்க வேண்டாம் என்றேன். ஆயுத பூஜை வருஷா வருஷம் வரும். தஞ்சாவூரில் வெயிலும் மழையும் எப்படியோ சந்தனமும் அப்படித்தான். அதைத் தாங்காத கருவி தஞ்சாவூருக்கு இன்னும் முதிரவில்லை. இதை அவர் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, கரை உடைந்தால் கடல் மட்டத்தைத் தவறு என்று யாரும் எழுத மாட்டார்கள் என்றார். அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதினோம். கருவிக்கு ஆறு. ஆனால் மக்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டதற்குத் தனியாக ஓர் எண் போட்டோம்: ஒன்பது. அப்படி ஓர் எண் எங்கள் படிவத்திலேயே இல்லை. ஓரத்தில் கையால் எழுதினோம்.

நிதி தருகிற குழுவின் முன் நான்தான் பேச வேண்டியிருந்தது. டச்சு மொழியில் பூஜைக்குச் சரியான சொல் வராமல், கருவிக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டேன். எந்தச் சபைப் போதகர் வருவார் என்று ஒரு அம்மையார் அக்கறையாகக் கேட்டார். அதைத் தெளிவாக்கவே பாதி நேரம் போனது. மீதி நேரத்தில் ராணி சொன்னதை அப்படியே சொன்னேன், கரண்டுக் கம்பம் உட்பட. அவர்கள் கூடிப் பேசிவிட்டு இன்னும் ஒரு போகம் தந்தார்கள். கூடுதல் பணம் கிடையாது. அடுத்த ஆயுத பூஜையைத் தாண்டி ஓடினால் ஏழு, இல்லாவிட்டால் கம்பத்தைப் பிடுங்க வேண்டியதுதான்.

ராணி பாசன சங்கத்தைக் கூட்டி, பேனல் மேல் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எங்கே வைத்தால் உங்களுக்குத் திருப்தி என்று கேட்டார். சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் சொன்ன பதிலை எனக்குப் பதிவு செய்து அனுப்பினார்.

“பொட்டுன்னா முகத்துல வைக்கணும்மா. இதுக்கு முகம் எங்க இருக்கு? உச்சியில பளபளன்னு இருந்துச்சு, அதுதான் முகம்னு வச்சோம். ஒரு முகத்தைக் காட்டுங்க, அதுல வச்சிட்டுப் போறோம்.”

பெட்டிக்கு மேலே, கிழக்கு பார்த்து, ஒரு சின்னப் பித்தளைத் தகடு வைத்தார்கள். அதற்குக் கீழே மாலை போட ஒரு கொக்கி. வாழைக்கன்று சோலார் தகட்டை மறைக்காமல் தாழ்வாகக் கட்ட இரண்டு வளையம். இங்குள்ள நிறுவனம் வரைபடத்தில் அதைச் சேர்த்தபோது, இந்தப் பாகத்தின் பெயரும் பயனும் என்ன என்று கேட்டது. பெயர் முகம் என்று ராணி எழுதினார். பயன் என்ற கட்டத்திலும் அதையே எழுதினார். கூத்தாநல்லூர்க் கம்பங்களுக்கும் அதே தகடு போனது. அங்கே பெயின்ட் எடுத்து அதில் தங்கள் வயலின் பெயரை அழகாக எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த ஆயுத பூஜை அன்று நான் விடியற்காலையிலேயே அலுவலகம் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் அப்போது பூஜை முடிந்து பொரி விநியோகம் நடக்கும். கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெபம் செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு லுத்தரன் பெண் ஆயுத பூஜைக்காக ஜெபித்ததைக் கர்த்தர் எந்தக் கணக்கில் எழுதினாரோ தெரியாது. மத்தியானம் ஆனது, கோடு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. ஹென்க் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாரம் முடியும் வரை இருவரும் வேறு வேலை எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஏழு போட்டேன். என் கையால் நான் போட்ட எண்களில் எனக்குப் பிடித்தது அதுதான். இந்த வருஷம் இன்னும் நாலு வாய்க்கால்களில் கம்பம் நிற்கிறது. ராணியின் அப்பா வயலில் நாற்று பச்சை பிடித்துவிட்டதாகப் படம் வந்தது.

8

நான் எங்கே போனாலும் யாரோ எனக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் அனுபவம். எரிந்த மோட்டார்கள் படிப்புக்கு. ஒட்டிய செய்தித்தாள் அந்தப் பஸ் பயணத்துக்கு. அயல் நாட்டில் எண்ணை மாற்றச் சம்மதித்த ஒரு மேலாளர். தன் தலைக்குமேல் கத்தி தொங்கும்போதும் ஆறு போடச் சொன்ன ஒரு ராணி. இவர்களுக்கெல்லாம் நான் நன்றி சொல்லி முடிக்கப் போவதில்லை. ஆகவே பொரிகடலை கொண்டுபோனேன்.

சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் மாதிரிக்கு வைத்திருக்கும் ஒரு தண்ணிக் கம்பத்தை ஹென்க் நகர்த்தி வைத்திருந்தார். அதன் கோடு சுவரில் இருந்த திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ராணி போனில் வந்தார். வயலோரம் நடந்துகொண்டே, மாலையும் சந்தனமுமாக நின்ற கம்பங்களைக் காட்டினார். டச்சுக்காரர்கள் பொரியை ஒவ்வொன்றாக எடுத்து யோசித்துத் தின்றார்கள். பிறகு கை நிறைய அள்ள ஆரம்பித்தார்கள்.

ரூத் பள்ளிக்கூடம் முடிந்து சைக்கிளில் வந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. என்னோடு தமிழில் பேசுவது குறைந்து, மாதம் ஒரு முறை வேறு ஊரில் நடக்கும் தமிழ் ஆராதனைக்கு வருவதும் நின்று, இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் நான் ஒரு மொழியும் அவள் ஒரு மொழியுமாகப் பேசிக்கொள்கிறோம். என் அப்பாவை அவள் குழந்தையாக இருந்தபோது பார்த்ததோடு சரி. செய்தித்தாள் ஒட்டிய கதையையும் கம்பத்துக்கு முகம் வந்த கதையையும் அவளுக்கு ஒரே ஒரு முறை சொல்லியிருந்தேன். அப்போது அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளாய் ஒரு துண்டைத் தட்டில் வாங்கிக்கொண்டு அவள் கம்பத்தின் பக்கம் போய் நின்றாள். சுற்றிப் பார்த்தாள்.

“இதுல முகம் எது அம்மா?” என்று தமிழில் கேட்டாள்.

பித்தளைத் தகட்டைக் காட்டினேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். மேசையில் கிடந்த ஒரு காகிதத் துண்டை எடுத்து, உச்சியில் இருந்த சோலார் தகட்டின் மேல் பதமாகப் போர்த்தி, நான்கு ஓரத்தையும் விரலால் அழுத்தி மடித்துவிட்டாள். என் அப்பா துவாரங்களை மூடுவது போலவே. அதன் பிறகு செர்ரிச் சாற்றில் விரலைத் தொட்டு, முகத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

பொட்டுக்குத் தனி இடம் வந்த பிறகு சோலார் தகட்டை மூட வேண்டியதே இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரையில் கோடு மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஹென்க் பதறி எழுந்தார். கொஞ்ச நேரம் இறங்கட்டும், ஹென்க், என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.